சும்மா கிடக்கும் மந்திரப் பொருட்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: இரண்டு வருடமாக டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, ஆளுக்கொரு வேடம் ஏற்றுக் கதையாக ஆடும் மேஜை விளையாட்டை ஆடுகிறோம். சண்டைக்கு உதவாத ஏழெட்டு மந்திரப் பொருட்கள் பையில் சும்மா கிடக்கின்றன. விற்றுவிடலாமா?

பதில்: விற்காதீர்கள். பல வருடமாகக் கதையை நடத்தும் கேம் மாஸ்டராக உட்கார்ந்திருக்கிறேன். மேஜையைச் சுற்றி எல்லாரும் எழுந்து நின்று கத்திய நேரங்களை நினைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் இப்படிச் சும்மா கிடந்த பொருட்களால்தான் வந்தன.

ஒன்று செய்யுங்கள். பொருளின் பெயரை மறந்துவிட்டு, அது என்ன செய்கிறது என்பதை மட்டும் ஒரு வரியில் எழுதி வையுங்கள். இம்மூவபிள் ராட் என்ற இரும்புக் கோலை எடுத்துக்கொள்வோம். 2014-இல் வந்த 5-ஆம் பதிப்பு விதிகளின்படி, பொத்தானை அழுத்தினால் அந்தக் கோல் இருந்த இடத்திலேயே அந்தரத்தில் நிற்கும். 8,000 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 3,600 கிலோ வரை தாங்கும். கதவுக்கு முட்டுக் கொடுக்கலாம், பிடித்துத் தொங்கலாம் என்பது எல்லாருக்கும் தோன்றும்.

என் மேஜையில் நடந்தது வேறு. குழுவில் ஒருவன் மீது கொலைப்பழி. அந்த நாட்டில் நீதி சொல்வது ஒரு பெரிய தராசு. குற்றம் சாட்டப்பட்டவன் ஒரு தட்டில் உட்கார வேண்டும், எதிர்த் தட்டில் சாட்சிக் கற்களை வைப்பார்கள். கற்கள் இருக்கும் தட்டு தாழ்ந்தால் தூக்கு. திருடி வேடத்தில் ஆடிய தோழி, "தட்டைத் துடைக்க ஆள் வேண்டுமா என்று கேட்கிறேன்" என்றார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. அவர் பேசாமல் ஓர் அழிப்பான் மேல் ஸ்கேலைக் குறுக்கே வைத்தார். ஒரு பென்சிலை எடுத்து ஸ்கேலின் ஒரு முனைக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். விரலால் அந்த முனையை அழுத்திக் காட்டினார். ஸ்கேல் அசையவில்லை. கற்கள் வரப்போகும் தட்டுக்கு அடியில் துணியோடு துணியாகக் கோலைச் செருகிவிட்டார்!

காவலர்கள் கவனித்தார்களா என்று பகடை உருட்டினேன். இல்லை. நீதிபதிகள் கல் மேல் கல்லாக வைத்தார்கள். கற்கள் தீர்ந்துபோயின, தட்டு இறங்கவே இல்லை. நண்பன் விடுதலை. ஆனால் கோலை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியதாயிற்று. அதை மீட்கத் திரும்பிப் போனதே அடுத்த நான்கு வாரக் கதை. நான் எழுதி வைத்திருந்ததைவிட அது நல்ல கதை.

கேள்வி: உலகம் சுழல்கிறதே, பொத்தானை அழுத்தியதும் கோல் சுவரை உடைத்துக்கொண்டு போய்விடாதா?

பதில்: "ஓரிடத்தில் நிலைத்துவிடும்" என்பதற்கு மேல் விதி பேசவில்லை. காலடி நிலத்தை வைத்துத்தான் நிற்கும் என்று நான் முடிவு செய்திருக்கிறேன். அப்படியானால் ஓடும் கப்பலில் அழுத்தினால் கோல் நிற்கும், கப்பல் போகும், பின்சுவர் வந்து கோலில் மோதும். கப்பல் தள்ளும் விசை 8,000 பவுண்டைத் தாண்டினால் கோல் விட்டுக்கொடுத்துவிடும். நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்யலாம். யாரும் பொத்தானில் கை வைக்கும் முன்பே மேஜையில் சொல்லிவிடுங்கள், அவ்வளவுதான்.

கேள்வி: மூன்று வாரம் உழைத்து காப்ளின்கள் என்ற குட்டி அரக்கர்களின் நிலவறைக் கோட்டை ஒன்றை வரைந்தேன். என் ஆட்டக்காரர்கள் வாசலிலேயே நின்று, தண்ணீர் வற்றாத மந்திரக் குடுவையைத் திறந்து மொத்தத்தையும் மூழ்கடிக்கிறோம் என்றார்கள். கூடாது என்று சொல்லிவிட்டேன். சரிதானா?

பதில்: உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனாலும் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டாம். கணக்குப் போட்டுக் காட்டியிருந்தாலே போதும்.

டிகேன்டர் ஆஃப் எண்ட்லெஸ் வாட்டர் என்ற அந்தக் குடுவை முழு வேகத்தில் ஒரு சுற்றுக்கு, அதாவது 6 நொடிக்கு, 30 காலன் கொட்டும். நீளம், அகலம், உயரம் எல்லாம் 10 அடி உள்ள ஓர் அறை நிறைய ஏறக்குறைய 7,480 காலன் வேண்டும். ஓர் அறைக்கே 25 நிமிடம். உங்கள் கோட்டையில் அப்படி 40 அறை இருந்தால் 16 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அத்தனை நேரமும் ஒருவர் குடுவையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு சுற்றிலும் மந்திரச் சொல்லைச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். காலில் ஈரம் பட்டதும் காப்ளின்கள் சும்மா இருக்குமா? பின்வழியாக வெளியே வரும். நீங்கள் வரைந்த கோட்டை வீணாகவில்லை, சண்டை வாசலுக்கு வந்துவிட்டது. (உள்ளே இருப்பவை எலும்புக்கூடுகள் என்றால் இன்னும் நல்லது. அவற்றுக்கு மூச்சே தேவையில்லை, தண்ணீருக்குள் நடந்தே வரும்.)

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. புதிதாகச் சேர்ந்த ஒருவர், சிறைக் கம்பி வழியாக ரோப் ஆஃப் கிளைம்பிங் என்ற மந்திரக் கயிற்றை அனுப்பி, தூங்கும் காவலன் இடுப்பில் இருந்த சாவி வளையத்தில் முடிச்சுப் போடச் சொன்னார். "அது ஏறுவதற்கான கயிறு" என்று நான் மறுத்துவிட்டேன். வீட்டுக்குப் போய்ப் புத்தகத்தைத் திறந்தால், சொன்ன பக்கம் நகரும், சொன்ன பொருளில் தன்னைக் கட்டிக்கொள்ளும், முடிச்சும் போடும் என்று தெளிவாக இருக்கிறது. அந்த இரவு முழுக்க அவர் வேறு எந்த யோசனையும் சொல்லவில்லை. வாள் வீசுகிறேன், அம்பு விடுகிறேன், அவ்வளவுதான். அடுத்த வாரம் ஆட்டம் தொடங்கும் முன் எல்லார் எதிரிலும் மன்னிப்புக் கேட்டேன், அந்தக் காட்சியை மறுபடி ஆடினோம். சாவி வந்தது.

கேள்வி: உள்ளே நிறைய இடம் கொண்ட பேக் ஆஃப் ஹோல்டிங் என்ற மந்திரப் பையை, விரித்தால் குழியாகும் போர்ட்டபிள் ஹோல் என்ற மந்திரத் துணிக்குள் போட்டால் வெடிகுண்டு மாதிரியாமே?

பதில்: ஆமாம். இரண்டும் அழியும், சுற்றி 10 அடிக்குள் இருக்கும் அனைவரையும் ஆஸ்ட்ரல் பிளேன் என்ற வேறோர் உலகத்துக்கு இழுத்துக்கொள்ளும், அந்த வழியாகத் திரும்பி வர முடியாது. பக்கத்தில் நின்று போடுபவரும் சேர்ந்துதான் போவார். கதையின் கடைசிக் கட்டத்தில் ஒருவர் மனமறிந்து அப்படிப் போவதென்றால் எனக்குக் கண் கலங்கிவிடும். வாராவாரம் செய்வதென்றால் எனக்கு அதில் ஆர்வமில்லை. அந்தப் பையை வைத்து எளிதாக ஒன்று செய்யலாம். உள்பக்கம் வெளியே வருமாறு புரட்டினால் உள்ளே இருப்பதெல்லாம் கொட்டிவிடும். 500 பவுண்டு வரை மாவு நிரப்பி வைத்திருங்கள். கண்ணுக்குத் தெரியாத எதிரி இருக்கும் அறையில் புரட்டுங்கள், தரையில் காலடி விழும் இடமெல்லாம் தெரியும்.

கேள்வி: முதல் முறை ஆடும் குழந்தைகளுக்கு எந்தப் பொருளைக் கொடுக்கலாம்?

பதில்: ஆல்கெமி ஜக். கேட்ட திரவத்தைத் தரும் மந்திர ஜாடி, ஆனால் ஒரு நாளைக்கு ஒரு திரவம்தான். தேன் 1 காலன், எண்ணெய் 1 குவார்ட் (கால் காலன்), மயோனைஸ் 2 காலன், வினிகர் 2 காலன், இன்னும் சில. பட்டியலைக் கையில் கொடுத்துவிட்டு நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். என் மேஜையில் ஒரு சிறுமி மாடிப்படி முழுக்க மயோனைஸைப் பூசி, துரத்தி வந்த ஓக்ர் என்ற பூதத்தை உருட்டிவிட்டாள். அடுத்த நாள் காலில் அடிபட்ட அதே ஓக்ருக்குத் தேன் கொண்டுபோய்க் கொடுத்துச் சிநேகம் பிடித்தாள். இப்போது அது அவர்கள் குழுவில்தான் இருக்கிறது. வினிகரை எதற்கு வைத்திருக்கிறாள் என்று இன்னும் சொல்ல மறுக்கிறாள்.