பிரான்சில் அதிகம் பேருக்குத் தெரியாத ரெட் ஒயின் திராட்சை எது?

கேபர்னே, மெர்லோ, பினோ நுவார் எல்லாம் வேண்டாம், யாரும் பேசாத ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் ஓட்டு ஃபேர் செர்வாடூவுக்கு.

தென்மேற்கு பிரான்சின் துலூஸ் நகரத்தில் வேலை பார்த்த காலத்தில் இந்தப் பெயரே தெரியாமல் இதைத்தான் குடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். இந்தத் திராட்சைக்கு ஊருக்கு ஒரு பெயர். கயாக் பக்கம் ப்ரோக்கோல், மார்சியாக்கில் மான்சுவா, மதிரானில் பினென்க். மூன்றும் வேறு வேறு ரகம் என்றே நினைத்திருந்தேன். போதாததற்கு பாட்டிலின் முன்பக்கம் ஊர்ப் பெயர்தான் பெரிதாக இருக்கும், திராட்சையின் பெயர் இருந்தால் பின்பக்கம் பொடி எழுத்தில் கிடக்கும், அதை யார் படிக்கிறார்கள்?

'ஃபேர்' என்றால் பிரெஞ்சில் இரும்பு. ரோதேஸுக்குப் பக்கத்தில் மார்சியாக் சரிவுகளைப் பார்த்தால் மண் செக்கச்செவேல் என்று இருக்கும், அந்தச் சிவப்பே இரும்பால் வருவதுதான், அதனால் பெயர்க் காரணம் புரிந்துவிட்டது என்று நானாகவே முடிவு கட்டிவிட்டேன். தப்பு. கொடியின் கட்டை வெட்ட முடியாத அளவுக்குக் கெட்டி, அதுதான் காரணமாம். இல்லை, 'காட்டுச்செடி' என்ற பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது என்போரும் உண்டு. செர்வாடூ என்பது அந்தப் பகுதியின் ஆக்சிதான் மொழி: கெடாமல் தாங்குவது.

சுவைக்கு வருவோம். முதல் மடக்கில் பச்சைக் குடைமிளகாய் வாசம் வரும், அப்புறம் பிளாக் கரண்ட் என்ற கறுப்புப் பழத்தின் வாசம், கடைசியில் நாக்கில் லேசான கரகரப்பு. குடைமிளகாயில் இருக்கும் அதே பைரசின் வகைப் பொருள்தான் இதிலும், பழம் சரியாகப் பழுக்காவிட்டால் அந்த வாசம் தூக்கலாகிவிடும். சிலருக்கு இது பிடிக்கவே பிடிக்காது. எனக்கு இரண்டாவது கிளாஸில்தான் பிடித்தது.

இதே வாசத்தை சிலி நாட்டு கார்மெனேர் என்ற திராட்சையிலும் பார்க்கலாம். மரபணுச் சோதனைப்படி கார்மெனேருக்கு ஃபேர் தாத்தா முறை. அந்தப் பேரனும் சிலியில் வெகுகாலம் மெர்லோ என்ற பெயரில் வளர்ந்துகொண்டிருந்தது, 1994இல் பூர்சிகோ என்ற பிரெஞ்சு நிபுணர் தோட்டத்தில் பார்த்துத்தான் ஆளை அடையாளம் காட்டினார். வேறு பெயரில் ஒளிந்திருப்பது பரம்பரை வியாதி போல.

மார்சியாக் தோட்டங்களைக் கோங்க் மடத்துத் துறவிகள் வளர்த்தார்கள் என்பார்கள். பின்னாளில் பக்கத்து தெகாஸ்வீல் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்கள்தான் பெரிய வாடிக்கை. நடுவில் ஃபிலாக்ஸெரா பூச்சி கொடிகளை அழித்தது, பிறகு சுரங்கமும் போனது. 1990இல்தான் மார்சியாக்குக்கு ஏஓசி (இந்த ஊர் ஒயின்தான் என்று பிரான்சில் தரும் அங்கீகாரம்) தகுதி கிடைத்தது, இன்று அந்தப் பெயரில் விற்க 90 சதவீதமாவது ஃபேர் இருக்க வேண்டும். கயாக், மதிரான் ஒயின்களில் பெரும்பாலும் இதை மற்ற ரகங்களோடு கலந்துவிடுவார்கள். அதனால் முதல்முறை குடிப்பவர்கள் மார்சியாக்கே வாங்குங்கள்.

நான் ஒரு பாட்டிலை, பழசானால் இன்னும் நன்றாக இருக்கும் என்று ஏழெட்டு வருடம் பரணில் வைத்திருந்து பாழாக்கினேன். இது அப்படிப்பட்ட ஒயின் இல்லை, பரணும் அதற்கான இடம் இல்லை. இரண்டு மூன்று வருடத்துக்குள், அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்து எடுத்து, சாசேஜும் அலிகோவும் (உருளைக்கிழங்கு மசியலில் சீஸ் போட்டு இழுத்துக் கிளறுவது) வைத்துக்கொண்டு குடியுங்கள்.