முடிவு தெரிந்த கதையை எதற்குப் படிக்க வேண்டும்?

கேள்வி: வணக்கம் அம்மா. சரித்திர நாவல், காதல் நாவல் என்றால் எனக்கு உயிர். பள்ளி நாட்களில் தொற்றிக்கொண்ட பழக்கம், 38 வயதாகியும் விடவில்லை. வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு படிப்பேன். என் கணவர் கேலி செய்பவர் இல்லை. ஆனால், "ராஜா சாகப்போவது தெரியும், காதலர்கள் சேரப்போவதும் தெரியும். அப்புறம் எதற்கு 500 பக்கம்?" என்று கேட்கிறார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தீவிர இலக்கியம் படிக்கும் தோழி ஒருத்தி, "இன்னுமா இதையெல்லாம் படிக்கிறாய்?" என்கிறாள். பொன்னியின் செல்வன் படித்து முடித்த கையோடு, நந்தினி என்று ஒருத்தி வரலாற்றில் இல்லவே இல்லை என்று தெரிந்தபோது ஏமாந்துபோன மாதிரி இருந்தது. போதாக்குறைக்கு, சில மாதங்களாக எதைப் படித்தாலும் ஒன்று போலவே இருக்கிறது. பாத்திரங்களின் பெயர்கூட மனதில் நிற்பதில்லை. வேறு வகைப் புத்தகங்களுக்கு மாறிவிட வேண்டுமா? கடைசியாக ஒன்று: அண்ணன் மகளுக்கு 13 வயது. என் அலமாரியில் இருக்கும் நாவல்களைக் கேட்கிறாள். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

மாற வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கடிதம் முழுக்க ஏதோ தப்பு செய்துவிட்டவரின் தயக்கம் தெரிகிறது. இத்தனை வருடமாக ஒன்றை விடாமல் படித்துவருகிறீர்கள் என்றால் அதில் உங்களுக்கு வேண்டிய ஏதோ இருக்கிறது. அது என்ன என்று தெரிந்துகொண்டால் போதும். அதற்கு உங்கள் கணவரின் கேள்வியே நல்ல வழி.

அவர் சொல்வது சரி. இந்த இரண்டு வகையிலும் முடிவு முன்கூட்டியே தெரியும். சரித்திர நாவலில் முடிவை வரலாறு எழுதி வைத்துவிட்டது. எழுத்தாளர் நினைத்தாலும் தோற்ற போரை ஜெயிக்க வைக்க முடியாது. காதல் நாவலுக்குப் பதிப்புலகம் வைத்திருக்கும் இலக்கணமே இரண்டுதான்: கதையின் நடுநாயகமாகக் காதல் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவும் நம்பிக்கையும் தர வேண்டும். ஆக, அட்டையைப் பார்க்கும்போதே கடைசிப் பக்கம் ஓரளவு தெரிந்துவிடுகிறது.

ஆனால் முடிவு தெரிந்துவிட்டால் படிப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இந்த நாவல்களின் ருசியே அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'யார் கொலைகாரன்' என்று தேடும் கதையில் நாம் ஓடிக்கொண்டே இருக்கிறோம். முடிவு தெரிந்த கதையில் நின்று பார்க்க நேரம் கிடைக்கிறது. இவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்ற நிம்மதி இருப்பதால்தான் அந்த முதல் சண்டையை, விட்டுக்கொடுக்காத அந்த இரண்டு வார்த்தையை நாம் சிரித்துக்கொண்டே படிக்கிறோம். சரித்திர நாவலில் இது தலைகீழ். இளவரசன் ஒருவன் நண்பனின் தோளில் கைபோட்டு, அடுத்த வருடம் செய்யப்போவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு அடுத்த வருடம் கிடையாது என்பது நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. சாதாரணப் பேச்சுதான், ஆனாலும் தொண்டையை அடைக்கிறது. முடிவு தெரியாதவருக்கு அந்தப் பக்கம் வெறும் உரையாடலாகக் கடந்துபோயிருக்கும்.

தமிழ் வாசகருக்கு இது புதிதும் இல்லை. சங்க அகப்பாடல்களை எடுத்துக்கொள்ளுங்கள். தலைவன், தலைவி, தோழி, செவிலி என்று எண்ணி எடுத்தாற்போல் சில பேர்தான். அகத்தில் யாருக்கும் பெயர் சூட்டக் கூடாது என்று தொல்காப்பியம் விதியே வைத்திருக்கிறது. சந்திப்பு, காத்திருப்பு, பிரிவு, ஊடல் என்று நிகழ்ச்சிகளும் எல்லோருக்கும் தெரிந்தவை. அப்படியிருந்தும் குறுந்தொகையில் மட்டும் 400 பாட்டு. 'எல்லாம் ஒரே கதைதானே' என்று யாரும் தொகுப்பை மூடிவைக்கவில்லை. பொருள் தேடப் போனவன் வரவில்லை என்ற ஒரே நிலைமையை ஒரு புலவர் மழையை வைத்துச் சொல்கிறார், இன்னொருவர் தோழியின் ஒரு பொய்யை வைத்துச் சொல்கிறார். காதல் நாவலின் நல்ல வாசகர் தேடுவதும் அந்த வித்தியாசத்தைத்தான்.

இனி நந்தினிக்கு வருவோம். உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த நாவலில் எது கல்வெட்டில் இருக்கிறது, எது இல்லை என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். ஏமாற்றம் வேறு ஒன்றாக மாறிவிடும். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் குந்தவை கொடுத்த கொடைகள் பதிவாகியிருக்கின்றன. அவற்றில் அவரை ராஜராஜரின் தமக்கை என்றும், வல்லவரையர் வந்தியத்தேவரின் தேவியார் என்றும் குறித்திருக்கிறார்கள். வந்தியத்தேவரைப் பற்றி நமக்குக் கிடைப்பது ஏறக்குறைய அவ்வளவுதான். எப்படிச் சந்தித்தார்கள், யார் முதலில் பேசினார்கள், அரசகுமாரியின் மனதை அவர் எப்படிப் பிடித்தார் என்பதற்கெல்லாம் கல்லில் இடம் இல்லை. கொடையைப் பதிவு செய்ய வந்த கல்வெட்டு அது; நன்கொடையாளரின் கணவர் யார் என்று சொல்லிவிட்டுப் பொன் கணக்குக்குப் போய்விடுகிறது.

கல்கி அந்த ஒரு உறவுமுறையைப் பிடித்துக்கொண்டார். குறும்பு நிறைந்த ஓர் இளைஞனை ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக் கரையில் குதிரையில் கொண்டுவந்து நிறுத்தி, அங்கிருந்து குந்தவையிடம் போய்ச் சேரும் வழியை ஐந்து பாகத்துக்கு எழுதினார். முடிவு கல்லில் இருக்கிறது. வழி முழுக்கக் கற்பனை. சரித்திரமும் காதலும் ஒரே நாவலில் இப்படிச் சேரும்போது கிடைக்கும் இன்பத்துக்கு ஈடாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

நந்தினி விஷயமும் அப்படித்தான். ராஜராஜரின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலைபற்றி உடையார்குடிக் கல்வெட்டு பேசுகிறது. ராஜராஜரின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. சோமன், ரவிதாசன், பரமேசுவரன் ஆகியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லி, அவர்களும் உறவினர்களும் வைத்திருந்த நிலத்தைப் பற்றிய நடவடிக்கையைச் சொல்கிறது. ஏன் கொன்றார்கள், கொலை எப்படி நடந்தது என்ற விவரம் அதில் இல்லை. அந்த 'ஏன்' இருந்த வெற்றிடத்தில்தான் கல்கி நந்தினியை நிறுத்தினார். அவள் இல்லாத ஒருத்தி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அவளைப் படித்திராவிட்டால் அந்த வெற்றிடம் அங்கே இருப்பதே நம்மில் பலருக்குத் தெரிந்திருக்காது.

அதனால் ஒரு பழக்கம் சொல்கிறேன். சரித்திர நாவலைப் படிக்கும்போது நடுவில் எழுந்துபோய் எது உண்மை என்று தேடாதீர்கள். கதை கதையாக முழுசாக உள்ளே இறங்கட்டும். முடித்த பிறகு அந்தக் காலத்தைப் பற்றிய வரலாற்று நூல் ஒன்றைக் கையில் எடுங்கள். சோழர் காலம் என்றால் நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் இருக்கிறார்கள். சம்பந்தப்பட்ட சில பக்கங்கள் போதும். எங்கே ஆதாரம் நின்றுபோகிறது, எங்கே எழுத்தாளர் தனியாக நடக்க ஆரம்பிக்கிறார் என்று உங்கள் கண்ணுக்கே தெரியும். அதே நாவலை அப்புறம் ஒருமுறை புரட்டினால் அது இன்னும் பெரிதாகத் தெரியும்.

உங்கள் தோழியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இந்த இளக்காரம் இரண்டு நூற்றாண்டுப் பழசு. மேற்கில் சரித்திர நாவலுக்கு வழி போட்டவர் என்று சொல்லப்படும் வால்டர் ஸ்காட், 1814இல் முதல் நாவலை வெளியிட்டபோது தன் பெயரைப் போடவில்லை. கவிஞராகப் பெரும் புகழ் பெற்றிருந்தவர் அவர். நாவல்களை எழுதியது தான்தான் என்று 1827இல்தான் பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். ஜேன் ஆஸ்டினின் முதல் நாவல் 1811இல் வந்தபோது தலைப்புப் பக்கத்தில் 'ஒரு பெண்மணி எழுதியது' என்று மட்டும் இருந்தது. அவர்களை இன்றைக்கு யாரும் ஒளித்துவைத்துப் படிப்பதில்லை.

ஆஸ்டினைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. அவர் எழுதியது சரித்திரக் காதல் இல்லை, அவருடைய சமகாலம். குதிரை வண்டி எப்படி இருக்கும், நடன மண்டபத்தில் எத்தனை மெழுகுவத்தி என்று அவர் விவரித்துக்கொண்டிருக்க மாட்டார். அவருடைய வாசகர் அதையெல்லாம் தினமும் பார்த்தவர். நூறு வருடத்துக்கு மேல் கழித்து அதே காலத்தை எழுதிய ஜார்ஜெட் ஹேயர் ஆடை, வண்டி, பேச்சுவழக்கு என்று எல்லாவற்றையும் தேடிச் சேகரிக்க வேண்டியிருந்தது. சரித்திர நாவலாசிரியரின் சிரமம் இதுதான்: நமக்குத் தெரியாததைச் சொல்லியாக வேண்டும், ஆனால் பாத்திரம் தனக்குத் தெரிந்ததை நமக்காக விளக்குவதுபோல இருக்கக் கூடாது. பத்தாம் நூற்றாண்டு வீரன் 'ஐந்து நிமிடம் பொறு' என்றால் உடனே பிடித்துவிடுவோம், அவனுக்கு நாழிகைதான் தெரியும். அதைவிடப் பெரிய பிழை, இன்றைய மனதை அன்றைய உடையில் நிறுத்துவது. தன் காலத்தின் பயமும் நம்பிக்கையும் எதுவும் ஒட்டாமல், நாம் நினைப்பதையெல்லாம் நினைக்கிற நாயகி வந்தால், அந்த நாவலை நான் பாதியில் மூடிவிடுவேன். நீங்களும் மூடலாம். எடுத்த புத்தகத்தை முடித்தே ஆக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

எல்லாம் ஒன்று போல இருக்கிறது என்கிறீர்களே, அதற்குக் காரணம் நாவல்கள் என்று எனக்குத் தோன்றவில்லை. படிக்கும் வேகம். பொன்னியின் செல்வன் கல்கி பத்திரிகையில் 1950இல் தொடங்கி 1954இல் முடிந்தது. அந்த வாசகர்களுக்கு ஒவ்வொரு இதழுக்கும் நடுவில் ஒரு வாரம் இருந்தது. அந்த வாரம் முழுக்கப் பாத்திரங்கள் அவர்களோடு வீட்டில் இருந்தார்கள். அடுத்து என்ன என்று வாக்குவாதம் நடந்தது. நாம் மூன்று ராத்திரியில் முடித்துவிட்டு, நாலாவது ராத்திரி அடுத்த ராஜ்ஜியத்துக்குப் போய்விடுகிறோம். பந்தியில் இலையை எடுப்பதற்குள் அடுத்த இலையைப் போட்டால் எந்தச் சாப்பாட்டின் ருசி நாக்கில் நிற்கும்?

ஒரு நாவல் முடிந்ததும் இரண்டு மூன்று நாள் எதையும் தொடாமல் இருந்து பாருங்கள். கை பரபரக்கும், பரவாயில்லை. அப்புறம், ஒரே வகையில் ஒரே எழுத்தாளரைத் தொடர்ச்சியாகப் படிக்காமல், சரித்திரத்துக்குப் பிறகு சமகாலக் காதல், அதன் பிறகு வேறொரு நாட்டின் வரலாறு என்று மாற்றிக்கொள்ளுங்கள். இன்னொன்று, எனக்கு மிகவும் பிடித்தது: ஒரே காலத்தை இரண்டு பேர் எழுதியதை அடுத்தடுத்துப் படிப்பது. ஒருவருக்கு வீரனாகத் தெரிந்தவர் இன்னொருவருக்கு வஞ்சகராகத் தெரிவார். பெயர்கள் மறக்கவே மறக்காது. பிடித்த இடத்தை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். விமர்சனம் வேண்டாம், அந்த வரி ஏன் பிடித்தது என்று ஒரு வாக்கியம் போதும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்ணைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பழைய காதல் நாவல்கள் பலவற்றில் நாயகியின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு மதிப்பே இருக்காது. பலவந்தத்தையே காதல் என்று காட்டி, கடைசியில் அவளை மன்னிக்கவும் வைத்துவிடுவார்கள். அந்தக் காலம் அப்படி என்று சமாதானம் சொல்லிக்கொண்டு அதை ரசிக்க வேண்டியதில்லை. சரித்திர நாவலிலும் மன்னரின் பெருமையில் கரைந்துபோகும்போது, பல்லக்குத் தூக்கியவர் யார், படை நடந்துபோன வயல் யாருடையது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். நல்ல எழுத்தாளர் அவர்களுக்கும் ஒரு முகம் கொடுத்திருப்பார்.

உங்கள் அண்ணன் மகள் கேட்கிறாள் என்பதே எனக்குச் சந்தோஷம். சாகசம் நிறைந்த சரித்திர நாவல்களை இப்போதே தாராளமாகக் கொடுங்கள். 13 வயது அதற்குச் சரியான வயது. காதல் நாவல்களை மட்டும் நீங்கள் படித்து, நினைவில் இருப்பவற்றிலிருந்து தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். நான் மேலே சொன்ன பலவந்த ரகம் இப்போது வேண்டாம். அண்ணனிடமும் அண்ணியிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், ஒளித்துப் படிக்கும் நிலை அவளுக்கு வர வேண்டாம். கொடுத்த பிறகு 'என்ன புரிந்தது' என்று பரீட்சை வைக்காதீர்கள். அவளாக வந்து, 'அத்தை, அவன் ஏன் அப்படிச் செய்தான்?' என்று கேட்பாள். அப்போது உங்களுக்குத் தோன்றுவதைச் சொல்லிவிட்டு, அவளுக்கு என்ன தோன்றுகிறது என்று கேளுங்கள்.