சாலை யாருடையது? (கடிதமும் பதிலும்)

ஐயா வணக்கம்,

இங்கிலாந்தில், ரெடிங்கில் வாடகைக்கு இருக்கிறோம். ஐல்ஸ்பரிக்கு வெளியே 48 வீடுகள் கொண்ட சின்ன எஸ்டேட்டில் மூன்று படுக்கையறை செமி (ஒரு பக்கச் சுவர் அடுத்த வீட்டோடு சேர்ந்தது) ஒன்றைப் பார்த்து, 3,60,000 பவுண்டுக்கு ஆஃபர் கொடுத்தோம். ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். கட்டி நான்கு வருடம் ஆன ஃப்ரீஹோல்ட் வீடு, அதாவது மனையும் சேர்த்துச் சொந்தம். எஸ்டேட் கட்டணம் வருடத்துக்கு 310 பவுண்டு. ஃப்ரீஹோல்டுக்கு எதற்குக் கட்டணம் என்றால் "புல் வெட்டத்தான்" என்கிறார் ஏஜென்ட். இங்கே எங்களுக்கு இதுதான் முதல் வீடு. மனைவிக்குச் சென்னை மடிப்பாக்கத்தில் அவர் அப்பாவோடு கூட்டாக ஒரு ஃபிளாட் உண்டு. எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

ர., ரெடிங்

அன்புள்ள ர.,

முதலில் மடிப்பாக்கம், ஏனென்றால் அது 23,000 பவுண்டு விவகாரம். ஸ்டாம்ப் டியூட்டியில் முதல் வீட்டுச் சலுகை வேண்டுமானால், வாங்குபவர் உலகத்தில் எங்குமே வீடோ வீட்டில் பங்கோ வைத்திருந்திருக்கக் கூடாது. இருவர் சேர்ந்து வாங்கினால் இருவருமே. 2025 ஏப்ரல் முதல் உள்ள விகிதப்படி, சலுகையோடு உங்கள் வீட்டுக்கு 3,000 பவுண்டு; சலுகை இல்லாமல் 8,000. மனைவியின் பங்கு 40,000 பவுண்டோ அதற்கு மேலோ பெறும் என்றால் இது இரண்டாவது வீடாகிவிடும். முழு விலைக்கும் 5 சதவீதம் கூடுதலாக ஏறி 26,000 ஆகும். அந்த 40,000 என்பது ரூபாயில் சுமார் அரைக்கோடி, மடிப்பாக்கத்தில் பாதி ஃபிளாட் கோட்டின் எந்தப் பக்கமும் விழலாம். இப்போதே ஒரு மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் வாங்கி வையுங்கள். உங்கள் பெயரில் மட்டும் வாங்கினாலும் இந்தக் கூடுதல் வரி தப்பாது, சேர்ந்து வாழும் கணவன் மனைவியை இந்தக் கணக்கில் ஒன்றாகத்தான் பார்க்கிறார்கள். பங்கை மாமனாருக்கே எழுதிக்கொடுப்பதானால், அந்தப் பதிவு கம்ப்ளீஷனுக்கு (பணம் முழுதும் கட்டி வீடு கைமாறும் நாளுக்கு) முன் முடிந்திருக்க வேண்டும். அப்போதும் இருவரும் சேர்ந்து வாங்கினால் 8,000தான், 3,000 திரும்பி வராது.

இனி அந்தப் புல். ஏஜென்ட் பொய் சொல்லவில்லை, பாதி சொல்லியிருக்கிறார். உங்களைப் போன்ற புது எஸ்டேட்டுகளில் சாலை, நடைபாதை, விளக்கு, மழைநீர்க் குளம், குழந்தைகள் பூங்கா எல்லாம் பெரும்பாலும் கவுன்சிலிடம் ஒப்படைக்கப்படுவதில்லை. ஒரு மேனேஜ்மென்ட் கம்பெனி பார்த்துக்கொள்ள, செலவை வீட்டுக்காரர்கள் பங்கிடுகிறார்கள். கவுன்சில் டாக்ஸில் ஒரு பென்னியும் குறையாது. பெரிய கட்டுமான நிறுவனங்கள் 11 சேர்ந்து 2021–22இல் விற்ற வீடுகளில் 80 சதவீதத்துக்கு இப்படிக் கட்டணம் உண்டு, சராசரி 350 பவுண்டு என்று போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2024 பிப்ரவரியில் சொன்னது. ஆக 310 பெரிய தொகையல்ல. அதற்கு உச்சவரம்பு உண்டா என்பதுதான் கேள்வி. பெரும்பாலான பத்திரங்களில் கிடையாது.

நேரில் போகும்போது தாரைப் பாருங்கள். மேன்ஹோல் மூடிகள் தாரைவிட ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு நின்றால், மேல் பூச்சுத் தார் இன்னும் போடவில்லை என்று பொருள். நான்கு வருடத்துக்குப் பிறகும் அப்படி நின்றால் யார் போடப்போகிறார்கள், யார் காசில் என்று கேட்க வேண்டும். குப்பைத் தொட்டிகளை வாசலில் வைக்கிறார்களா, முனைவரை தள்ளிக்கொண்டு போகிறார்களா என்பதும் ஒரு துப்பு. தனியார் சாலைக்குள் கவுன்சில் லாரி பல இடங்களில் வருவதில்லை. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒருமுறை போங்கள். பார்க்கிங் லட்சணம் அப்போதுதான் தெரியும்.

காகிதத்தில் பார்க்க வேண்டியது, வக்கீல் கவுன்சிலிடம் விவரம் கேட்கும் சிஓஎன்29 படிவம், கேள்வி 2.1. சாலை பொதுச் செலவில் பராமரிக்கப்படுகிறதா, இல்லையென்றால் 1980ஆம் வருட நெடுஞ்சாலைச் சட்டத்தின் 38ஆம் பிரிவுப்படி கவுன்சில் சாலையை ஏற்கும் ஒப்பந்தம் இருக்கிறதா, அதற்கு பாண்ட் (உத்தரவாதப் பணம்) உண்டா என்பது அங்கே வரும். பாண்ட் இருந்தால் பில்டர் கைவிட்டாலும் கவுன்சில் அந்தப் பணத்தில் வேலையை முடிக்கலாம். கழிவுநீர்க் குழாய்களுக்கு இதேபோல தண்ணீர்த் தொழில் சட்டத்தின் 104ஆம் பிரிவு ஒப்பந்தம். எஸ்டேட்டில் பம்பிங் ஸ்டேஷன் இருந்து அதைத் தண்ணீர் கம்பெனி எடுத்துக்கொள்ளவில்லை என்றால், எனக்குப் புல்லைவிட அதுதான் பயம். பம்ப் ஒருநாள் மாற்றியாக வேண்டும், பங்கு போட 48 வீடுகள்தான்.

அடுத்தது வசூலிக்கும் முறை. பத்திரத்தில் "எஸ்டேட் ரென்ட்சார்ஜ்" (கட்டணத்தை வீட்டின் மேலேயே சுமத்தும் ஏற்பாடு) என்ற சொல் இருக்கிறதா என்று வக்கீலைக் கேளுங்கள். இருந்தால், 1925ஆம் வருடச் சொத்துச் சட்டத்தின் 121ஆம் பிரிவுப்படி, பாக்கி 40 நாள் தாண்டினால் உங்கள் வீட்டின் மேல் குத்தகை எழுதிக்கொள்ளும் அதிகாரம் அவர்களுக்கு வந்துவிடும். சில பவுண்டு பாக்கிக்காக 99 வருடக் குத்தகை எழுதியது செல்லும் என்று 2016இல் மேல் தீர்ப்பாயமே சொன்னது. 2024ஆம் வருடக் குத்தகை, ஃப்ரீஹோல்ட் சீர்திருத்தச் சட்டம் பழைய வகை ரென்ட்சார்ஜ்களுக்குத்தான் பாதுகாப்பு தந்தது, எஸ்டேட் ரென்ட்சார்ஜ் அதற்கு வெளியே நிற்கிறது. 121ஆம் பிரிவு பொருந்தாது என்றோ, கடன் தந்த வங்கிக்கு முன்கூட்டியே நோட்டீஸ் தர வேண்டும் என்றோ பத்திரத்தில் வாசகம் வேண்டும். இல்லையென்றால் சில வங்கிகள் கடனே தர மாட்டா. திருத்தப் பத்திரம் போடும் செலவை விற்பவர் தலையில் கட்டுங்கள்.

எஃப்எம்இ1 என்பது எஸ்டேட் நிர்வாகம் பற்றிய கேள்விப் படிவம்; அதற்கு மேனேஜ்மென்ட் கம்பெனியிடம் பதில் வாங்க வேண்டும். அதோடு மூன்று வருடக் கணக்கு, வரும் வருட பட்ஜெட், ரிசர்வ் நிதியில் உள்ள தொகை ஆகியவற்றைக் கேளுங்கள். 310இல் எவ்வளவு புல்லுக்கு, எவ்வளவு "நிர்வாகக் கட்டணம்" என்று பிரித்துப் பாருங்கள். ரிசர்வ் பூஜ்யம் என்றால் 310 என்பது இன்றைய விலை, அவ்வளவே. நீங்கள் பின்னாளில் விற்கும்போதும் இந்தக் கம்பெனியின் சான்றிதழ் இல்லாமல் பெயர் மாற்ற முடியாதபடி லேண்ட் ரெஜிஸ்ட்ரியில் தடை இருக்கக்கூடும். அந்தச் சான்றிதழுக்கும் கட்டணம் உண்டு. டைட்டில் ரெஜிஸ்டரை (சொத்தின் உரிமைப் பதிவேட்டை) நீங்களே 7 பவுண்டுக்கு ஆன்லைனில் எடுத்துப் பார்க்கலாம்.

பின்பக்கம் அறை நீட்டும் எண்ணம் இருந்தால், தனி அனுமதி கேட்காமல் நீட்டும் உரிமையை எஸ்டேட்டின் திட்ட அனுமதியில் எடுத்துவிட்டார்களா என்று பாருங்கள். வங்கியின் மதிப்பீட்டை சர்வே என்று நினைத்துவிடாதீர்கள், வீட்டின் நிலையைச் சோதிக்கும் லெவல் 2 சர்வே தனியாக எடுங்கள். பில்டரின் இரண்டு வருடப் பொறுப்பு முடிந்துவிட்டது. பத்து வருட வாரன்ட்டியில் மிச்சமிருப்பது பெரும்பாலும் கட்டமைப்புக் குறைகளுக்கே.

எக்ஸ்சேஞ்ச் (ஒப்பந்தம் கைமாறி இருவரையும் கட்டுப்படுத்தும் கட்டம்) ஆகும்வரை சர்வே, வக்கீல் போன்ற செலவுகள் தவிர வேறு இழப்பில்லாமல் நீங்கள் விலகலாம். ஆனபிறகு விலகினால் 10 சதவீத டெபாசிட், அதாவது 36,000 பவுண்டு, போய்விடும். விற்பவர் அவசரப்படுத்துவார். எஃப்எம்இ1 பதிலும் 38ஆம் பிரிவு ஒப்பந்தத்தின் நகலும் கைக்கு வரும்வரை தேதி கொடுக்க வேண்டாம் என்று வக்கீலுக்கு இன்றே மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.