ஷெஃபீல்டில் ஒரு வெண்கலச் சிலை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆல்பனியில் வசிக்கிறேன். போன வாரம் மாசசூசெட்ஸில் ஷெஃபீல்ட் என்ற ஊர் வழியாகப் போனபோது, தேவாலய வளாகத்தில் எலிசபெத் ஃப்ரீமன் என்ற கறுப்பினப் பெண்ணின் சிலையைப் பார்த்தேன். சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் டாலர் திரட்டி வைத்தார்களாம். அவருக்குப் பக்கத்து ஊரில் நல்ல கல்லறையே இருக்கிறது என்றும் சொன்னார்கள். சிலைகளைப் பார்த்துச் சலித்த ஊரில் பிறந்தவன் நான். அந்தப் பணத்தை நாலு பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்திருக்கலாமே?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

படிப்பு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சிலைச் செலவு போக மிஞ்சிய பணத்தில், அந்த வட்டார உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கு அவர் பெயரிலேயே உதவித்தொகை ஏற்படுத்தியிருக்கிறார்கள். எனக்குப் பேசவேண்டியிருப்பது அந்தக் கல்லறையைப் பற்றித்தான்.

அது ஸ்டாக்பிரிட்ஜில், விடுதலைக்குப் பிறகு அவர் வேலை பார்த்த வழக்கறிஞர் செட்ஜ்விக் குடும்பத்தாரின் கல்லறைகளுக்கு நடுவே இருக்கிறது. மம்பெட் என்று அவர்கள் கூப்பிட்ட இந்தப் பெண் 1829 டிசம்பரில் இறந்தபோது தங்கள் குடும்ப இடத்திலேயே அடக்கம் செய்தார்கள். கல்லில் இருப்பதன் சாரம் இது: அடிமையாகப் பிறந்தார், ஏறக்குறைய முப்பது வருடம் அடிமையாகவே இருந்தார், எழுதப் படிக்கத் தெரியாது, ஆனாலும் தன் இடத்தில் அவருக்கு நிகரில்லை, நேரத்தையோ பொருளையோ வீணாக்கியதில்லை, கடைசியில், நல்ல தாயே, போய் வா. உருகித்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எப்படி விடுதலையானார் என்று கல்லில் ஒரு வார்த்தை கிடையாது. தங்களைத் தூக்கி வளர்த்தவர் அவர்களுக்குத் தாயாகத் தெரிந்தார். தன் விடுதலைக்காக வழக்குப் போட்டவர் என்பது அவ்வளவாகக் கண்ணில் படவில்லை.

வழக்குக்கு முந்தைய கதை ஒரு அடுப்படியில் நடக்கிறது. ஷெஃபீல்டில், மம்பெட் அடிமையாக இருந்த ஜான் ஆஷ்லி வீடு. அவர் நீதிபதியாக இருந்தவர், பெரிய நிலக்காரர். மாவு பிசைந்த பாத்திரத்தில் ஒட்டியிருந்ததைச் சுரண்டி, மம்பெட்டின் தங்கை தனக்கென்று ஒரு சின்ன ரொட்டி சுட்டுக்கொண்டாள். எஜமானியம்மா அவளைத் திருடி என்று சொல்லி, அடுப்பிலிருந்து பழுக்கக் காய்ந்த இரும்புக் கரண்டியை எடுத்து ஓங்கினார். மம்பெட் குறுக்கே கையை நீட்டினார். எலும்பு தெரியுமளவுக்குக் காயம். அவர் அந்தக் காயத்தைத் துணியால் மூடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன ஆயிற்று என்று கேட்டால், அம்மாவையே கேளுங்கள் என்பாராம். செட்ஜ்விக்கின் மகள் கேத்தரீன் பின்னாளில் இதை எழுதிவைத்தார்.

எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று 1780இல் மாசசூசெட்ஸ் அரசியல் சாசனம் அறிவித்தது. மம்பெட் வழக்கறிஞர் தியோடர் செட்ஜ்விக்கிடம் போய், அப்படியானால் சட்டம் எனக்கும் விடுதலை தராதா என்று கேட்டார். 1781 ஆகஸ்டில் கிரேட் பாரிங்டனில் வழக்கு. பிராம் என்ற இன்னொரு அடிமையும் கூடவே வாதி. ஜூரிகள் இருவரையும் விடுவித்து, ஆஷ்லி 30 ஷில்லிங் நஷ்டஈடு கொடுக்கவேண்டும் என்றார்கள். அப்புறம் க்வாக் வாக்கர் என்ற இன்னொரு அடிமையின் விடுதலை வழக்குகளும் சேர்ந்து, அந்த மாநிலத்தில் அடிமைமுறையின் சட்ட அடிப்படையே உடைந்துபோனது. சம்பளம் தருகிறேன், திரும்பி வா என்று ஆஷ்லி கூப்பிட்டார். மம்பெட் போகவில்லை. எலிசபெத் ஃப்ரீமன் என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டு செட்ஜ்விக் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு சொந்த வீடும் வாங்கினார்.

இத்தனையும் நடந்த ஊரில் ஆஷ்லியின் வீடுதான் நினைவுச்சின்னமாக நின்றுகொண்டிருந்தது. 1735இல் கட்டியது, இன்றைக்கு அருங்காட்சியகம். மம்பெட்டுக்கென்று தெருவில் ஒன்றுமில்லை. அதே மாவட்டத்தில் ஆடம்ஸ் என்ற ஊரில் பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. ஆன்டனிக்குச் சிலை திறந்தார்கள். அங்கே போயிருந்த மாநிலப் பிரதிநிதி ஸ்மிட்டி பிக்னடெல்லிக்கு, நம் ஊர்ப்பக்கத்துப் பெண்ணுக்கு ஏன் இல்லை என்று தோன்றியது. ஷெஃபீல்ட் வரலாற்றுச் சங்கத்தோடு சேர்ந்து நன்கொடை திரட்டினார். மக்கள்தொகை மூவாயிரத்துச் சொச்சம் உள்ள ஊர் அது. வழக்கு நடந்து 241 வருடம் கழித்து, 2022 ஆகஸ்ட் 21 அன்று எட்டடி உயரச் சிலையின் திரையை விலக்கினார்கள்.

சிலை என்றாலே எனக்கும் ஒரு அலுப்பு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். மாலை, பறவை எச்சம், அடுத்த மாலை. ஆனால் இது வேறு கணக்கு. கல்லறைக் கல் வேலைக்காரம்மாவுக்கு ஒரு வீட்டார் வைத்தது. இது வாதிக்கு ஊர் வைத்தது. தங்கள் ஊர்ப் பெரியமனிதர் ஒருவர் தோற்ற வழக்கைத் தாங்களே நடுத்தெருவில் நிறுத்தியிருக்கிறார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி அந்தப் பக்கம் போனால் ஆஷ்லி வீட்டையும் பாருங்கள். மனிதர்கள் இயல்பில் சமமானவர்கள் என்று சொல்லும் ஷெஃபீல்ட் தீர்மானங்களை 1773இல் அந்த வீட்டில் உட்கார்ந்துதான் எழுதினார்கள். செட்ஜ்விக்கும் அந்தக் குழுவில் இருந்தார். மாடியில் அந்த அறை இருக்கிறது. அங்கிருந்து அடுப்படிக்கு எத்தனை படி என்று எண்ணிப் பார்த்து எனக்கு எழுதுங்கள்.