அப்பாரு காலத்து இரட்டைக்குழலைக் கட்டில் அருகே வைக்கலாமா?

கேள்வி: காங்கேயம் அருகே தோட்டத்துச் சாளையில் நானும் மனைவியும் தனியாக இருக்கிறோம், பள்ளி விடுமுறைக்குப் பேரன்கள் வருவார்கள். அப்பாரு வைத்திருந்த 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கி, அப்பாவுக்குப் பின் முறைப்படி உரிமம் மாறி இப்போது என் பெயரில் உள்ளது. குதிரைகள் (விசையை இழுத்ததும் அடித்துத் தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்திகள்) இரண்டும் வெளியே தெரியும் பழைய வகை. பல்லடம், சிவகிரிப் பக்கம் தோட்டத்து வீடுகளில் முதியவர்கள் கொல்லப்பட்ட பிறகு, தோட்டா போட்டே கட்டில் அருகே சாய்த்து வைக்கலாமா என்று எண்ணுகிறேன். புதுத் தோட்டாவும் துப்பாக்கியைப் பூட்டி வைக்க ஒரு பெட்டியும் வாங்க வேண்டும். எதைக் கவனித்து வாங்குவது?

பதில்: தோட்டா போட்டு வைக்க வேண்டாம். உங்கள் அச்சம் நியாயமானதுதான். ஆனால் துப்பாக்கியின் வயது அதற்கு இடம் தராது. பழைய குதிரைத் துப்பாக்கிகள் பலவற்றில் குதிரை இறங்கியிருக்கும்போது அதன் மூக்கு தோட்டாவைக் குத்தும் ஊசியின் மேலேயே உட்கார்ந்திருக்கும். துப்பாக்கி சரிந்து விழுந்து குதிரையின் தலையில் அடிபட்டால், விசையை யாரும் தொடாமலே வெடித்துவிடும். குதிரையைப் பாதி பின்னே இழுத்து ஏற்றி வைத்தால் பாதுகாப்பு என்பார்கள். அந்தப் பாதி நிலையைப் பிடித்து நிறுத்துவது ஒரு சிறு பள்ளம். அறுபது எழுபது ஆண்டுகளில் அது எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

ஆகவே பெட்டி வாங்குவதற்கு முன்பே, துப்பாக்கியை உரிமம் பெற்ற ஆயுதக் கடையில் பழுது பார்ப்பவரிடம் உரிமத்தோடு கொண்டு சென்று காட்டுங்கள். மூன்று கேள்விகளுக்கு அவர் பதில் சொல்ல வேண்டும். துப்பாக்கியின் பூட்டுப்பொறியும் குதிரையும் உறுதியாக இருக்கின்றனவா? குழல் எந்த வகை? தோட்டா உட்காரும் அறையின் நீளம் என்ன? குழலின் மேல் நீர்க்கோலம் போல வரிகள் ஓடினால், அது இரும்புப் பட்டைகளை முறுக்கி ஒட்டிச் செய்த, கரிமருந்து (புகை கக்கும் பழைய வெடிமருந்து) காலத்துக் குழலாக இருக்கலாம். இன்றைய புகையில்லாத மருந்துத் தோட்டாவை அதில் போடக் கூடாது. அறை நீளம் இன்னும் நுட்பமான செய்தி. 65 மில்லிமீட்டர் அறைக்குள் 70 மில்லிமீட்டர் தோட்டா சிக்கலின்றி நுழைந்துவிடும், ஏனெனில் மடிந்த முனையோடு இருக்கும்போது அது குட்டையாகவே இருக்கிறது. சுட்டபின் முனை விரிய இடமில்லாமல் குழலுக்குள் அழுத்தம் கூடும். 'உள்ளே போகிறது, அதனால் பொருந்தும்' என்று கடைக்காரர் சொன்னால் வேறு கடைக்குப் போங்கள். வீட்டில் கிடக்கும் பழைய காகிதத் தோட்டாக்கள் ஈரத்தில் ஊதியிருக்கும். அவற்றைத் தூக்கி எறியாமல் கடைக்காரரிடமோ காவல் நிலையத்திலோ கேட்டு முறைப்படி ஒப்படையுங்கள்.

பெட்டியைப் பொறுத்தவரை, கண்ணாடி வைத்த மர அலமாரி பார்வைக்கு அழகு, பயனில்லை. சுவரிலும் தரையிலும் போல்ட் போட்டு இறுக்கக்கூடிய, குழலைக் கழற்றாமல் நிற்க வைக்கும் உயரமுள்ள இரும்புப் பெட்டியாக வாங்குங்கள். தோட்டாக்களுக்குத் தனிப் பூட்டுள்ள சிறு பெட்டி அதே அறையில் இருக்கட்டும். சாவி பீரோவின் மேலே இருப்பது பேரனுக்கு உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும் என்பதால் எண் பூட்டே நல்லது. மின்கலத்தில் இயங்குவதை விட, திருகும் எண் பூட்டை நான் விரும்புகிறேன். பாதுகாப்பாக வைப்பதாக உரிமத்துக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள், 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கேட்பதும் அதைத்தான்.

பழைய தோல் உறையில் போட்டு மூடி வைக்காதீர்கள். ஐப்பசி மழையில் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக் குழலைத் துருவேற்றும். தேங்காய் எண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்துப் பூட்டுப்பொறியில் ஒட்டும். துப்பாக்கிக்கென்று விற்கும் எண்ணெயை மெல்லிதாகத் துடைத்து, எண்ணெய் துப்பாக்கியின் மரக்கட்டையில் இறங்காதபடி குழல்வாய் கீழே வரும்படி நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை திறந்து, தோட்டா இல்லை என்று உறுதி செய்த பின், அடிப்பக்கத்திலிருந்து குழலுக்குள் வெளிச்சம் பாருங்கள். உடுமலைப் பக்கம் நண்பர் ஒருவரின் துப்பாக்கியில் இடக்குழல் இருட்டாகத் தெரிந்தது. குச்சி விட்டுப் பார்த்தபோது குளவி மண்கூடு வைத்திருந்தது. அதைப் பார்க்காமல் சுட்டிருந்தால் குழல் பிளந்திருக்கும். தேர்தல் நேரத்தில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும்போதும் இதே சோதனை தேவை.

'வீட்டுக்குள் திருப்ப வசதியாக இருக்கும்' என்று பட்டறையில் குழலைக் குறைக்கச் சொல்பவர்கள் உண்டு. உரிய உரிமமின்றிக் குழலைக் குறைப்பதை ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு தடை செய்கிறது. இரவில் வீடு உடைத்து நுழைபவருக்கு எதிராகத் தற்காப்பு உரிமை சட்டத்தில் உண்டு, ஆனால் தேவைக்கு மேற்பட்ட பலத்துக்கு அது காப்பாகாது; கட்டுத்தரையில் அசைவது பட்டி நாயா ஆளா என்று தெரியாமல் எழும்பும் துப்பாக்கிக்கு எந்தப் பிரிவும் துணை வராது.

அதனால் கையிருப்பில் முதல் பங்கை வாசலுக்கும் கட்டுத்தரைக்கும் அசைவில் தானே எரியும் விளக்குகளுக்கும், படுக்கையறைக் கதவுக்கு உள்ளிருந்து போடும் கனத்த தாழ்ப்பாளுக்கும் ஒதுக்குங்கள். அந்தத் தாழ்ப்பாள் தரும் ஓரிரு நிமிடத்தில்தான் பெட்டியைத் திறக்கவும் 100க்கு அழைக்கவும் முடியும்.