நடுக்கள வீரர்கள் ஏன் சப்பென்று பேசுகிறார்கள்?

வணக்கம்.

ஓய்வுபெற்ற கால்பந்து வீரர்களின் பேட்டிகளை வரிசையாகப் பார்த்து வருகிறேன். கோல் அடிக்கும் முன்கள வீரரான ஸ்ட்ரைக்கர் பேசினால் ஆட்டமே கண்முன் ஓடுகிறது. நடுக்கள வீரர் பேசினால் கணக்கு வாத்தியார் பாடம் நடத்துவதுபோல இருக்கிறது. இடம், கோணம், நேரம் என்று அதையே சுற்றிச் சுற்றிச் சொல்கிறார்கள். ஜெயித்ததைச் சொல்லும்போதும் பெரிய உற்சாகம் தெரியவில்லை. ஸ்பெயினுக்கு உலகக் கோப்பையை வென்று தந்த இனியெஸ்டா மனச்சோர்வைப் பற்றிப் பேசுகிறார். ஜெர்மனியின் டோனி க்ரூஸ், எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே 34 வயதில் மூட்டையைக் கட்டிவிட்டார். கோடிகளில் சம்பளம், உலகம் முழுக்க ரசிகர்கள். அப்புறம் என்ன சலிப்பு இவர்களுக்கு?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கணக்கு வாத்தியார் என்று நீங்கள் சொன்னதை மறுக்க மாட்டேன். ஸ்ட்ரைக்கரிடம் சொல்வதற்கு ஒரு நொடி இருக்கிறது. பந்து வந்தது, அடித்தேன், வலைக்குள் போனது. நடுக்கள வீரரின் வேலையில் முக்கால்வாசி பந்து வருவதற்கு முன்பே முடிந்துவிடும். அதை எப்படிக் கதையாகச் சொல்வது?

90 நிமிட ஆட்டத்தில் ஒரு வீரரின் காலில் பந்து இருக்கும் நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு மூன்று நிமிடம் வந்தால் பெரிது. அதே ஆட்டத்தில் நடுக்களத்தில் ஆடுகிறவர் 10, 12 கிலோமீட்டர் ஓடியிருப்பார். அந்த ஓட்டம் எதற்கு என்பதை ஒரே ஒரு பாஸை வைத்துப் பார்க்கலாம். பின்னால் நிற்கும் தடுப்பு வீரரான சென்டர் பேக்கிடம் பந்து இருக்கிறது. முன்னால் நிற்கும் நடுக்கள வீரர் இடது தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார், பிறகு வலது தோளுக்கு மேல். இடப்பக்கம் பின்னாலிருந்து ஒருவன் வருகிறான், வலப்பக்கம் காலி. பாஸ் கிளம்பும் நேரத்தில் இவர் உடம்பைப் பாதி திருப்பிக்கொண்டு நிற்கிறார். அருகிலிருக்கும் காலால் பந்தை நிறுத்தாமல் உடம்புக்குக் குறுக்கே ஓடவிட்டு, தூரத்துக் காலால் வாங்குகிறார். அவ்வளவுதான், துரத்தி வந்தவன் தவறான பக்கத்தில் நிற்கிறான். ஹைலைட்ஸில் இது வராது. நேரலையில்கூட வர்ணனையாளர் அப்போது வேறு எதையாவது பேசிக்கொண்டிருப்பார்.

இப்படித் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பதை நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். பந்தை வாங்குவதற்கு முன்பு அடிக்கடி சுற்றிலும் பார்த்துக்கொள்கிறவர்களின் பாஸ்கள்தான் அதிகமாக உரிய ஆளைச் சேர்கின்றன என்று அவருடைய ஆய்வுகள் காட்டின. பார்சிலோனாவின் நடுக்கள வீரராக இருந்த சாவி இதில் மன்னன். அவர் வாயைத் திறந்தாலே 'இடம், இடம்' என்றுதான் வரும். பந்தோடு கழிக்காத அந்த 87 நிமிடங்களும் அவர் உண்மையிலேயே இடத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தார். பேட்டியில் மட்டும் வேறு எதைச் சொல்வார்?

இந்த வேலையில் இன்னொரு சங்கடமும் உண்டு. ஒழுங்காகச் செய்தால் யார் கண்ணிலும் படாது, தப்பினால் ஊருக்கே தெரியும். ஸ்ட்ரைக்கர் நான்கு வாய்ப்பைக் கோட்டைவிட்டு ஐந்தாவதில் அடித்தால் நாயகன். நடுக்களத்தில் 80 பாஸைச் சரியாகக் கொடுத்தவர் 81ஆவதை எதிரணிக் காலில் கொடுத்து அது கோலானால், மறுநாள் பேசப்படுவது அந்த ஒன்றுதான். அதனால்தான் ஜெயித்ததைப் பற்றிப் பேசும்போது இவர்களிடம் நிம்மதி தெரிகிற அளவுக்குக் களிப்பு தெரிவதில்லை என்பது என் எண்ணம்.

இனியெஸ்டா விஷயத்தை இதோடு சேர்க்க வேண்டாம். அதற்கும் சம்பளத்துக்கும் சம்பந்தமில்லை. 2009இல் பார்சிலோனா மூன்று பெரிய கோப்பைகளையும் வென்றது. செல்சிக்கு எதிராகக் கடைசி நேரத்தில் அவர் அடித்த கோல் இல்லாவிட்டால் ஐரோப்பிய இறுதியாட்டமே இல்லை. அந்தக் கோடையில்தான் மனம் சரியத் தொடங்கியது. ஆகஸ்டில் அவருடைய நண்பரும் எஸ்பான்யோல் அணியின் கேப்டனுமான டானி ஹார்க்கே திடீரென்று இறந்தார். இனியெஸ்டா மனநல உதவியை நாடினார், பிறகு அதை மறைக்காமல் பேசினார். 2010 ஜூலை 11, ஜோகன்னஸ்பர்க், உலகக் கோப்பை இறுதியாட்டம், 116ஆவது நிமிடம். ஃபாப்ரிகாஸ் கொடுத்த பந்து துள்ளி எழுகிறது. அது இறங்கும்வரை இனியெஸ்டா காத்திருந்து அடிக்கிறார். சட்டையைக் கழற்றினால் உள்ளே, ஹார்க்கே என்றும் எங்களோடு இருக்கிறார் என்று எழுதிய பனியன். அதற்கு மஞ்சள் அட்டையும் கிடைத்தது. எல்லாம் கிடைத்த வருடத்தில் ஒருவருக்கு மனம் உடைவது எனக்குப் புதிராகத் தெரியவில்லை. காலில் காயம் பட்டால் 'இவ்வளவு சம்பளம் வாங்குகிறவருக்கு எப்படி?' என்று நாம் கேட்பதில்லையே.

க்ரூஸ் கதை வேறு. உச்சத்தில் இருக்கும்போதே முடிக்க வேண்டும் என்பது அவர் வெளிப்படையாகச் சொன்ன ஆசை. ஐரோப்பிய கிளப்புகளுக்கான 2024 சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் அவருடைய கார்னரில்தான் கார்வஹால் தலையால் முட்டி முதல் கோலை அடித்தார். ரியல் மாட்ரிட்டுக்கு அதுவே அவருடைய கடைசி ஆட்டம். அங்கேயே நிறுத்தியிருந்தால் சினிமா முடிவு. ஆனால் ஐரோப்பிய நாடுகள் மோதும் யூரோ கோப்பை பாக்கி இருந்தது. காலிறுதியில் ஸ்பெயினோடு ஆடும்போது தொடக்கத்திலேயே அவர் மோதியதில் ஸ்பெயின் வீரர் பெத்ரி காயமடைந்து 8ஆவது நிமிடத்தில் வெளியேறினார். கூடுதல் நேரத்தில் ஜெர்மனியும் தோற்றது. நிதானத்துக்குப் பெயர்போன மனிதரின் கடைசி ஆட்டம் அது. பெத்ரியிடம் பிறகு மன்னிப்புக் கேட்டார்.

சலிப்பு என்றீர்கள். பெரும்பாலும் அது வெறும் களைப்பு. 2023-24இல் கிளப்புக்கும் நாட்டுக்குமாக ஸ்பெயின் நடுக்கள வீரர் ரோட்ரி ஆடியது 60 ஆட்டங்களுக்கு மேல். உயர்ந்த தரத்தில் ஆட 40, 50 ஆட்டங்கள்தான் சரி, இப்படியே போனால் வீரர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருக்கும் என்று 2024 செப்டம்பரில் சொன்னார். ஒரு வாரத்துக்குள் ஆர்சனலோடு ஆடும்போது முழங்கால் தசைநார் கிழிந்தது. அந்த ஒரு காயத்தை ஆட்ட எண்ணிக்கையின் தலையில் கட்ட முடியாது. ஆனாலும் அவர் சொன்ன கணக்கு எனக்கு நியாயமாகத்தான் படுகிறது. அந்தக் கோடிகளைத் தரும் ஒளிபரப்புக்குத்தான் இத்தனை ஆட்டங்களும் தேவைப்படுகின்றன.

பேட்டிகளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு ஓர் ஆட்டத்தைப் பாருங்கள். டிவி கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும் என்பதால் கொஞ்சம் கஷ்டம்தான். கோல்கீப்பரோ சென்டர் பேக்கோ பந்தை வைத்துக்கொண்டு நிற்கும்போது நடுக்கள வீரர் பெரும்பாலும் சட்டகத்துக்குள் இருப்பார். அப்போது மோட்ரிச் போன்ற ஒருவரின் தலையை மட்டும் கவனியுங்கள். நேரலையைவிட மறுஒளிபரப்பு நல்லது. முடிவு தெரிந்துவிட்டால் பந்திலிருந்து கண்ணை எடுக்க மனசு வரும்.