பனி நின்ற மறுநாள்

கேள்வி: என் மகன் பிப்ரவரியில் நண்பர்களோடு காஷ்மீரில் உள்ள குல்மார்க் போகிறான். பனிச்சறுக்குத் தடத்தை விட்டு விலகி மலையேறப் போகிறார்களாம். பனி பெய்து ஓய்ந்து வெயில் அடித்தால் பயமில்லை என்கிறான். சரியா?
– ஒரு தாய், ஓசூர்

பதில்: இல்லையம்மா. நான் பாலக்கோட்டுக்காரன், ராணுவத்தில் இரண்டு குளிர்காலம் லடாக்கில் இருந்தேன். பனி நின்ற முதல் ஓரிரு நாட்களில்தான் பனிச்சரிவுக்கு நாங்கள் அதிகம் பயந்தோம். காற்றும் அடித்திருந்தால் இன்னும் மோசம்.

களத்தில் ராகி தூற்றும்போது பொட்டு எந்தப் பக்கம் குவியும்? காற்று போகும் பக்கம். பனியும் அப்படித்தான். முகட்டின் காற்றுப்படாத மறைவுச் சரிவில் குவிந்து, இறுகிப் பலகைபோல நிற்கும். அடியில் பழைய பனி பொலபொலவென்று இருக்கும். ஒரு ஆள் கால் வைத்தால் போதும், பலகை மொத்தமாக உடைந்து இறங்கும். 30 முதல் 45 டிகிரி சரிவுதான் பெரும்பாலும் ஆபத்து. காலடியில் 'வும்' என்று சத்தம் கேட்டாலோ விரிசல் ஓடினாலோ உடனே திரும்பிவிட வேண்டும்.

2016 பிப்ரவரி 3-ல் சியாச்சினில் பனிச்சரிவில் மதராஸ் ரெஜிமென்ட் வீரர்கள் 10 பேர் புதைந்தார்கள். அதில் ஒருவர் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளை. இன்றும் அதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது.

புதைந்தவரைக் கால்மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பிழைக்க நல்ல வாய்ப்பு. அதனால் புதைந்த இடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் தடத்திலேயே சறுக்கட்டும்.